பாட்டுக்குப் பதிலாக வியாழன்

வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறையப் பன்னிரண்டு வருஷம் ஆகும். ராசிக்கு ஒரு வருஷம் என்று கணக்கு. அது என் ராசிக்குத் தோதான இடத்தில் வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரவே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறினால் ஆசிரியை வேலை கிடைக்கும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

"குரு பலன் வந்துடுச்சி. இந்த வருஷம் உட்டா அப்புறம் இழுத்துக்கினே போவும்" என்றார், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா. படிப்புக்கும் அதே குருதான் பொறுப்பு என்று ஜோசியத்தில் உண்டு. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வில்லியனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜி ஆனதும் வழக்கம்போலப் பாடச் சொன்னார்கள். எனக்குப் பாட வராது.

"பரவால்ல, தெரிஞ்சத எதனா சொல்லும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எனக்குத் தெரிந்தது அந்த வாரம் வகுப்பில் நடத்திய வியாழன்தான். கேட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்று நம்பிச் சொல்ல ஆரம்பித்தேன். கிரகங்களிலேயே அதுதான் பெரியது. ஆயிரம் பூமியை உள்ளே போட்டாலும் இன்னும் இடம் இருக்கும். அவ்வளவு பெரிய உடம்போடு பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அந்த வேகத்தில் மேகமெல்லாம் பட்டை பட்டையாக இழுபட்டுக் கிடக்கும். அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு, நம் பூமியைவிடப் பெரியது. அது புயல் என்பதை நானே பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். காலை ஊன்றத் தரை கிடையாது. உள்ளே போகப் போக வாயுதான். மாப்பிள்ளை இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

"அதுக்குக் கண்ணும் கெடயாது. அது யாரயும் பாக்கறதில்ல" என்று முடித்தேன்.

அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தரையும் வாணாம், கண்ணும் வாணாம், காத்தா நெறஞ்சி நிக்கிறாரு பாருங்க!" என்று புருஷனிடம் சொன்னார். "குருவ இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு நமக்கு எங்க கெடைக்கும்?"

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றும் முடிவாயிற்று. நான் உள்ளே போய் விக்கி விக்கி அழுதேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெண் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கூடத்தில் போய்ச் சொன்னாள்.