பிள்ளை கையில் கார் சாவி

என்னைப் போல மோட்டார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒரு வீட்டுப் படியேறினால், 'உட்காருங்க' என்பதற்கு முன்னால் 'என்ன ஆச்சு?' என்றுதான் கேட்பார்கள். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்களை அநேகமாக எனக்குத் தெரியும். பட்டு ஜவுளிக்காரர்கள், மில்காரர்கள், இரண்டு மூன்று டாக்டர்கள், அவ்வளவுதான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஆகப்போகிறது என்றால் பெற்றவர்களுக்கு முன்னால் எனக்கு உதறல் எடுக்கும். வாசலில் ஒரு வண்டியும் கூடத்தில் மீசை அரும்பிய ஒரு பிள்ளையும் வைத்திருக்கும் வாசகர்களே, நம் எல்லோர் வயிற்றிலும் கரைவது ஒரே புளிதான்.

எங்கே எழுதியிருக்கிறது?

ஒரு பட்டு ஜவுளிக்கடை முதலாளி பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்று வாங்கினார். மகன் சேகருக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. பாலிசியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார் முதலாளி. நானும் புதிதாகத் தொழிலுக்கு வந்த உற்சாகத்தில் ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். வண்டி கவிழ்ந்தால், தீப்பிடித்தால், யார் மேலாவது மோதினால், அவர் கை கால் போனால், உயிரே போனால்...

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சேகரின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாம் சரிப்பா, என் புள்ளை பத்திரமா வூட்டுக்குத் திரும்பி வருவான்னு இதுல எங்க எழுதியிருக்குது?"

கும்பிடு

இன்னொரு அப்பாவுக்கு வேறு விதமான பயம். "நான் பக்கத்துல உக்காந்தா பையன் கோவிச்சுக்கிறான். நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து எப்படி ஓட்றான்னு சொல்லுங்களேன்" என்றார். காலேஜில் படிக்கிற பையன், நல்ல அடக்கம். வண்டியை அழகாகத்தான் எடுத்தான். மாட்டு வண்டிக்கு வழி விட்டான், ஹாரன் அடித்தான். நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதல் கோபுரம் தெரிந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். வண்டி அதன் பாட்டுக்கு ஒரு பூக்கூடைக்காரியை நோக்கிப் போயிற்று. நான் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கோயில் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வீடு திரும்புவதற்குள் என் சட்டை தொப்பலாகிவிட்டது. "ஏம்பா, மனசுக்குள்ள கும்பிட்டா போதாதா?" என்றேன். அவன் நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னான்: "கையெடுத்துக் கும்பிடாம போனா ஆக்சிடென்ட் ஆயிடும்னு அம்மா சொல்லியிருக்காங்க சார்."

விடாத கை

டாக்டர் ஒருவரின் மகள் வத்சலா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் நான் சைக்கிளில் பிள்ளையார்பாளையம் வழியாகப் போனேன். தறிக்கு ஏற்றப்போகும் பட்டு நூலை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் கார் நுழையவே கூடாது. வழி தெரியாமல் வத்சலாவின் வண்டி முனை திரும்பிற்று. பக்கத்தில் டாக்டர்.

பாவின் கடைசிக் கம்பை இன்னும் கட்டவில்லை. ஒரு பெண் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி காருக்கு நேராக முதுகைக் காட்டி நின்றாள். சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள், நகரவில்லை. நான் கத்தினேன். தெருவே கத்தியது. பிரேக் கிறீச்சிட்டது. வண்டி அவள் புடவையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வத்சலா இறங்கினாள். பானெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏன்க்கா, ஓடியிருக்கலாமே?" என்று அழுகையோடு கேட்டாள் வத்சலா. அந்தப் பெண் அப்போதும் கம்பை விடவில்லை. "வுட்டா பாவெல்லாம் சிக்காயிடும்மா. நீ நிறுத்திடுவேன்னு நெனச்சுக்கினேன். நெனச்சதுதான், நம்பல" என்றாள்.

பொழுது சாய்ந்தது

முசரவாக்கம் பக்கத்தில் நெல் வியாபாரம் செய்கிற நயினார் ஒருவர் இருந்தார். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். ஒரு சாயங்காலம் பாலிசியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மகன் வந்தவாசிக்குக் கார் எடுத்துக்கொண்டு போயிருந்தான். மத்தியானமே வந்திருக்க வேண்டும்.

உள்ளே இலை போட்டாகிவிட்டது. "நீங்களாவது சாப்புடுங்க" என்று அவர் மனைவி இரண்டு தடவை வந்து அவரைக் கூப்பிட்டார். "வரட்டும், வந்துடுவான்" என்றார் நயினார். கண் ரோட்டைவிட்டு நகரவில்லை. தூரத்தில் லாரி சத்தம் கேட்டால் எழுந்திருப்பார். அது கடந்து போனதும் உட்காருவார். வெயில் தென்னை உச்சிக்கு ஏறி, பிறகு அங்கேயும் இல்லாமல் போயிற்று. அந்த அம்மா சத்தம் போடாமல் இலைகளை எடுத்தார்.

இருட்டுகிற நேரத்துக்கு ஒற்றை விளக்கோடு கார் வந்தது. வழியில் டயர் வெடித்ததாம். பையன் சிரித்துக்கொண்டே இறங்கினான். நயினார் அவன் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "வண்டிக்கு எழுதிட்டீங்க. இப்படிக் காத்துக்கினு இருக்கறவனுக்கு எழுதறதுக்கு உங்க கம்பெனியில ஏதாச்சும் இருக்குதா?"

நின்றபடி வந்த பயம்

ஒரு காலையில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு ஓடி வந்தார். ஏனாத்தூர் ரோட்டில் அரிசி மில் முதலாளியின் அம்பாசடர் புளியமரத்தில் மோதிக்கிடக்கிறதாம், அவர் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம். அவருடைய டிரைவர் காதர் பாய் அனுப்பியிருந்தார். முதலாளியிடம் நேரில் சொல்ல பாய்க்குத் தைரியமில்லை. நான்தான் சொல்ல வேண்டுமாம். மில்லுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே முதலாளி எழுந்துவிட்டார். "உயிரோட இருக்கானா?" என்றார். இருக்கிறான் என்றேன். இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் மகன் பாஸ்கர் கை உடைந்து, தலையில் கட்டோடு படுத்திருந்தான். பதினேழு வயது, லைசென்ஸ் கிடையாது. பாயைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இவன்தான் ஓட்டியிருக்கிறான். அடுத்த கட்டிலில், காரில் அடிபட்ட சைக்கிள்காரர் முனகிக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி தரையில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி காதர் பாயை மூலைக்கு அழைத்தார். "நீ ஓட்னேன்னு சொல்லிடு பாய். புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிடாத. உன் குடும்பத்தை நான் பாத்துக்கறேன்" என்று கையைப் பிடித்தார். பாய் சட்டைப் பையிலிருந்த லைசென்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரிங்க மொதலாளி" என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். "யாரு ஓட்டினது?" பாய் ஓரடி முன்னே வந்தார். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான்தான் சார் ஓட்டினேன். பாய் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு." முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

பையனுக்குக் கோர்ட்டில் அபராதத்தோடு போயிற்று. வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கைவிரித்துவிட்டது. சைக்கிள்காரர் எழுந்து நடக்கும்வரை வைத்தியத்தை முதலாளியே பார்த்துக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரி வாசலில் காதர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தினி வருசமா வண்டி ஓட்டறேன் சார், ஒரு நாளும் பயந்ததில்ல, இன்னிக்கி சும்மா நின்னுக்கினு இருக்கும்போது பயந்துட்டேன்."

இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டதெல்லாம், பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டு தன் பயத்தை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போகிறான், பெற்றவர்கள் அதையும் சேர்த்து அவன் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.