பிரேக் பிடித்தால் வலப்பக்கம்

ஓடும்போது எங்கள் கார் நேராகத்தான் ஓடும். பிரேக்கில் கால் வைத்ததும், எதிரே வருகிறவர்களை நலம் விசாரிக்கப் போவதுபோல வலப்பக்கம் நகரும். வண்டிகள் இடப்பக்கமாக ஓடும் சிட்னியில் அப்படியொரு விசாரிப்பை யாரும் விரும்புவதில்லை.

இதை முதலில் கவனித்தவள் நான். மஞ்சள் ‘எல்’ பலகையை மாட்டிக்கொண்டு, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நார்த்மீட் தெருக்களில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிப்ட் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்துக்கு அங்கே போக பஸ் கிடையாது. லைசென்ஸ் கிடைத்தால் வேலை, இல்லையென்றால் இல்லை.

“ஸ்டியரிங்கை ஏன் வலது பக்கம் இழுக்கற?” என்றார் அவர்.

“நான் இழுக்கலைங்க. அதுவே போகுது.”

“நான் ஓட்டும்போது போகலையே?”

இடம் மாறிக்கொண்டோம். அவர் ஓட்டினார், நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அவை ஸ்டியரிங்கை இடப்பக்கம் துளி திருப்பின. சொன்னேன்.

“ரோடு அப்படி,” என்றார்.

இருந்தாலும் மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மென்பொருள் துறையில் வேலை செய்கிறவர். எந்தக் கோளாறையும், காரணமாக இருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கட்சி. டிக்கியின் வலப்பக்கத்தில் கிடந்த அரிசி மூட்டையை இறக்கினார். நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தார். வலது முன்சக்கரத்தின் அருகே குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தில் வெகுநேரம் உள்ளே பார்த்தார். இழுப்பது வலப்பக்கம் என்றால் கோளாறும் வலப்பக்கம்தானே என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சியவள் நான்.

ஞாயிறு காலை பென்டில் ஹில்லில் காய்கறி வாங்கப் புறப்பட்டபோது, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஓய்வு பெற்றவர். போகும் வழியில் எங்கள் வழக்கை இரு தரப்பிலும் கேட்டார்.

“தம்பி, சண்டை பிடியாதேங்கோ. வெறும் இடத்தில மெதுவா ஓடி, அவ கையை எடுத்துப்போட்டு பிரேக்கை அமத்தட்டும். அப்பவும் இழுத்தா கையில பிழை இல்லைத்தானே?”

கடைகளுக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. மெதுவாக ஓட்டி, கைகளை ஸ்டியரிங்கிலிருந்து சற்று விலக்கிப் பிடித்து, பிரேக்கை மிதித்தேன். எங்கள் கண்ணெதிரே ஸ்டியரிங் தானாக வலப்பக்கம் சுழன்றது.

“கையை எடுக்கும்போது நீ லேசாத் தட்டியிருப்ப,” என்றார் கணவர்.

“அங்கிள், நீங்களே சொல்லுங்க. பார்த்தீங்கதானே?”

“நான் எங்க பிள்ளை பார்த்தனான்? பயத்தில கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனான்.”

சாட்சி போய்விட்டது. மறுபடி ஓட்டி மிதித்தேன். அங்கிள் கண்ணைத் திறந்து பார்க்கும்வரை, பார்த்ததைக் கணவர் ஒப்புக்கொள்ளும்வரை, திரும்பத் திரும்ப மிதித்தேன். கடைசியாக நிறுத்தி இறங்கியபோது, குளிர்காற்றில் நேந்திரங்காய் வறுவல் போடும் கடையின் வாசனை வந்தது.

“ஆரோ வாழைக்காய் பொரிக்கினம்,” என்று அங்கிள் மூக்கை உயர்த்தினார்.

கடைகள் எதுவும் இன்னும் திறந்திருக்கவில்லை. வாசனையைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்தேன். அது இத்தனை நாளும் யாரும் குனிந்து பார்க்காத இடது முன்சக்கரத்தில் போய் நின்றது. தேங்காய் எண்ணெய். சந்தேகமே இல்லை. என் மூக்கில் எனக்கு நம்பிக்கை உண்டு.

நிமிர்ந்து கணவரைப் பார்த்தேன். அவர் கடைகளின் பூட்டிய கதவுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“அது... பிரேக் கிறீச்சுன்னு கத்திச்சு. கோயில் பார்க்கிங்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. இந்தப் பக்கம்தான் சத்தம். கதவு கத்தினா எண்ணெய் விடறதில்லையா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்துவிடும். போன வாரம் அதை வெந்நீரில் வைத்து உருக்கிக்கொண்டிருந்தார். மிஞ்சியிருக்கும் முடிமேல் கடைசியில் அவருக்கும் அக்கறை வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, நான் எதுவும் கேட்காமல் இருந்தேன்.

எண்ணெய் குடித்த இடது பிரேக் வழுக்கியிருக்கிறது. வலது மட்டும் கவ்விப் பிடித்திருக்கிறது. கார் பிடித்த பக்கம் திரும்பியிருக்கிறது. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சக்கரத்தைத்தான் நாங்கள் போன் வெளிச்சம் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தோம்.

“சத்தம் நிண்டதோ தம்பி?” என்று அங்கிள் கேட்டார்.

“நின்னுச்சு அங்கிள்.”

“பிறகென்ன. காருக்கும் நிக்கத் தெரிஞ்சிருந்தா முழு வெற்றி.”

காரை அதற்குமேல் ஓட்டவில்லை. இழுவை வண்டி வந்து பிளாக்டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனது. டிஸ்க்கைத் துடைத்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது பிரேக் பேடு போட்டார்கள். எண்ணெய் எப்படி உள்ளே வந்தது என்று மெக்கானிக் கேட்டார். எங்கேயோ கசிந்திருக்க வேண்டும் என்று கணவர் ஆங்கிலத்தில் அபிப்பிராயம் சொன்னார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினேன். கார் கோடு கிழித்ததுபோல நின்றது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் மாட்டும் சிவப்பு ‘பி’ பலகையோடு வீட்டுக்கு வந்தேன். முதியோர் இல்லத்துக்கு அன்றே போன் செய்து, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போகும்போது நான்தான் ஓட்டினேன். அங்கிள் பின்னால் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் சிக்னல் சிவப்பானதும் பிரேக் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால், கணவர் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டு, ஜன்னலில் தலை முட்டுமளவுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தார்.

“கார் நேராத்தாங்க நிக்குது. நீங்க ஏன் சாயறீங்க?”

“ரோடு அப்படி,” என்றார்.