பதம் தவறிய பித்தளை

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூருக்கு வடக்கே, காஹாங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் பட்டறை ஃபிட்டர். என்னை அனுப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம் துரையின் துப்பாக்கிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அது பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. காட்டு யானையை நிறுத்த அதன் குண்டு போதவில்லை என்று, சிங்கப்பூரில் கொடுத்துக் குழலைக் குடைந்து அகலமாக்கிக்கொண்டு வந்திருந்தார் துரை. அந்த அளவுக்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் ஒரு சாக்கு நிறைய அவரிடம் இருந்தன. பெரிய குண்டு உட்காரும்படி அவற்றின் கழுத்தை அகட்டிக் கொடுப்பது என் வேலை. மருந்தும் குண்டும் பங்களாவில் அவரே அடைத்துக்கொள்வார்.

முதலில் கூர்முனை வைத்த இரும்பு உருளை ஒன்றைக் கடைந்து, கழுத்துக்குள் இறக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கிழிந்தன. கழுத்தைச் சூடாக்கி இளக வைத்தால் கிழியாது என்று பிறகு பிடிபட்டது. ஆனால் கூட்டின் அடிப்பாகம் இளகிவிடக் கூடாது. வெடிக்கும் வேகத்தைத் தாங்குவது அதுதான். அதனால் தட்டில் தண்ணீர் விட்டுக் கூடுகளை அதில் நிறுத்தி, வெளியே நிற்கும் கழுத்தில் மட்டும் சூடு காட்டுவேன்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் குளிர்சுரம் கண்டது. அதே வாரம் யானைகள் ரப்பர் கன்று நாற்றங்காலுக்குள் புகுந்து மிதித்துவிட்டுப் போயின. மறுநாளே இருபது கூடுகள் வேண்டுமென்று துரை ஆள் அனுப்பினார். எழுந்து நிற்க முடியவில்லை.

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிடவா?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னா அடுத்த கப்பல்ல நாமதான். நீ அடுப்புல சுட்டு வை. மத்தத நான் காலையில பாத்துக்கிறேன்."

தண்ணீர்த் தட்டைப் பற்றி அவளிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் அன்று நம்பினேன். சுரத்தில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேனோ என்னவோ.

காலையில் இருபது கூடுகளும் வரிசையாக இருந்தன. கறுத்துப்போயிருந்ததால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன் என்றாள். பளபளவென்றிருந்தன. எதுவரை சூடு ஏறியது என்று காட்டும் நிறம் ஒன்றிலும் இல்லை. உட்கார்ந்தபடியே அகட்டினேன். ஒன்றுகூடக் கிழியவில்லை. எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

துரை தோட்டாக்களை நிரப்பி, துப்பாக்கியோடு நாற்றங்கால் காவல்காரனிடம் கொடுத்தார். அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தனி ஆள். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவியை அக்கா என்பான்.

மூன்றாம் நாள் காலை, பெரட்டில் பெயர் கூப்பிட ஆட்கள் வந்து நிற்கும் நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே அலறல். அவனை ஒரு கதவுப் பலகையில் தூக்கி வந்தார்கள். கூட்டின் அடி பிளந்து, வெடித்த புகையும் நெருப்பும் துப்பாக்கியின் பின்பக்கமாக அவன் முகத்தில் அடித்திருந்தது. ஒரு கண் இருந்த இடமே தெரியவில்லை. மற்றதும் தேறாது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் அங்கேயே சொல்லிவிட்டார்.

துப்பாக்கியைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். பிளந்த கூட்டை இடுக்கியால் இழுத்தேன். அதன் அடி மெழுகுபோல் பரந்திருந்தது. பார்த்தவுடன் புரிந்தது. கூடு முழுவதும் தணலில் கிடந்திருக்கிறது.

துரை என்னைப் பார்த்தார். "குழல்ல சேறு. அவன் தொடைக்கல. அப்படித்தானே?"

"ஆமாங்க தொரை" என்றேன்.

விபத்து அறிக்கையில் அப்படியே எழுதினார். மீதித் தோட்டாக்களை, மருந்து நனைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லி வாங்கி ஆற்றில் போட்டேன்.

குளுவாங் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு அவன் திரும்பி வந்தான். கப்பலுக்குப் பெயர் கொடுக்கும் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். மனைவி சோற்றைப் பிசைந்து அவன் கையில் வைப்பாள்.

ஒரு மத்தியானம், அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது சொன்னான்: "அண்ணே, நான் தெனம் குழலத் தொடப்பேன். சேறு இல்ல. கண்ணு போனது போச்சு. நான் தப்பு பண்ணலன்னு மட்டும் தொரைகிட்ட நீங்க சொல்லணும்."

"சொல்றேம்பா."

சொல்லவில்லை. துணை போக ஓர் ஆளைச் சேர்த்து அவனை அனுப்பிவிட்டார்கள். லாரியில் ஏறும்போது என் முகம் இருக்கும் பக்கம் என்று நினைத்து வேறு பக்கமாகக் கும்பிட்டான்.

அன்று சாயங்காலம் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "ஏங்க, நான் சுட்டதுல ஏதும் கோளாறா?"

"இல்ல. குழல்ல சேறு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உலை வைக்கப் போனாள். அப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் பட்டறைச் சாமான் எதையும் அவள் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் துரை வேறொரு சாக்கு நிறையக் கூடுகளோடு பட்டறைக்கு வந்தார். நான் தட்டை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.