இருமலுக்கு நான்தான் காரணமாம்!

என் நாத்தனார் என் மீது அபாண்டமாகப் பழி சொன்னாள். அவள் தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, நான் சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டேனாம். புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள வைத்த மருந்து வயிற்றில் தங்கி, இருமலாக வெளியே வருகிறதாம். இதை அவள் அடுப்படியில் சொல்லவில்லை. ஒரு காதுகுத்து விழாவில், பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊர். நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். அவருக்கு மாதக் கணக்கில் வறட்டு இருமல். களத்துக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். ராமநாதபுரத்தில் சளியைச் சோதித்து டி.பி. இல்லை என்றார்கள். உடம்பு மட்டும் கரைந்துகொண்டே போனது.

நாத்தனார் பாம்பனில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கொஞ்ச நாள் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். அங்கே இருமல் அடங்கிவிட்டது. வீடு திரும்பிய அன்று சாயங்காலமே மறுபடி பிடித்துக்கொண்டது. கூடவே வந்தவள் வாசலில் நின்று கத்தினாள்.

“பாத்தீகளா? எங்க வீட்டுல நல்லாத்தான இருந்தான். இங்கன வந்ததும் இழுக்குது. இவ கைச்சோறுதான் ஆகல!”

அவள் பார்த்தது உண்மைதானே! மருந்து எடுக்கிற ஆளிடம் தம்பியைக் கூட்டிப்போனாள். அவன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஏதோ மயிர்ச் சுருளைத் துப்பிக் காட்டினான். இருமல் நிற்கவில்லை. அடுத்து என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. “டாக்டர் சொல்லட்டும், நானே பெட்டியைக் கட்டுறேன்” என்று சண்டை போட்டு, அவரை மதுரைக்கு இழுத்துப் போனேன். நாத்தனாரும் விடாமல் வந்தாள்.

நுரையீரல் டாக்டரம்மா எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார். பாம்பனில் இருமல் நின்ற கதையையும் கேட்டார்.

“அக்கா வீட்டுல இல்லாதது உங்க வீட்டுல என்ன இருக்கு?”

“இந்தா, இவதான்!” நாத்தனார் என்னைக் கை காட்டினாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இவங்களைத் தவிர?”

“வேற என்ன, என் புறாவுகதான்” என்றார் வீட்டுக்காரர். இருமலுக்கு நடுவிலும் முகத்தில் பெருமை. படுக்கிற அறைச் சன்னலை ஒட்டித்தான் கூண்டு. தினமும் எச்சத்தைச் சுரண்டிக் கூட்டுவது அவர்தான். வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நுரையீரலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் காவல் நிற்கின்றன, கிருமி வந்தால் அடிக்கும் என்றார். இவர் உடம்பில் அவை புறா எச்சத்தின் தூசியையும் இறகுத் தூளையும் எதிரி என்று நினைத்து அடிக்கின்றனவாம். தினமும் தூசி, தினமும் சண்டை. சண்டை நடக்கிற இடம் வீங்கும். நாள்பட்டால் தழும்பு விழுந்து, பஞ்சு போன்ற நுரையீரல் விறைத்துவிடும். விறைத்தது பழையபடி ஆகாது.

“ஒண்ணுஞ் செய்யாததப் போட்டு அடிக்குதாக்கும்?” என்றார் இவர். “அப்ப எங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க.”

நாத்தனார் விடவில்லை. “அதே தூசியிலதான இவளும் கெடக்கா? இவளுக்கு ஏன் வரல?”

“எல்லா உடம்பும் இப்படிக் கோபப்படாதும்மா” என்றார் டாக்டரம்மா.

வீக்கம் வற்ற மாத்திரை கொடுத்தார். புறாக்கள் போயே ஆகவேண்டும் என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் பேசியபோது கலங்காத கண். ஊருக்கு வந்ததும் புறாக்களைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். அந்த மனுஷன் உடனே திறந்துவிட்டிருக்கிறார். எங்களுக்கு முன்னால் புறாக்கள் வந்து ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தன! மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே பிடித்து, மதுரைச் சந்தையில் விற்றுத் தள்ளிவிட்டு வந்தேன். கூண்டைப் பிரித்து, அறையைக் கழுவி, வெள்ளையடித்தேன்.

அடுத்த மிளகாய் பழுப்பதற்குள் இருமல் நின்றது. விழுந்த தழும்பு இருக்கத்தான் செய்கிறது. படியேறினால் மூச்சு வாங்கும். மற்றபடி என் கைச்சோற்றை மறுசோறு வாங்கித் தின்றுவிட்டு, உப்புக் குறைவு என்று சண்டை போடும் தெம்பு இருக்கிறது.

தம்பி மேல் நாத்தனாருக்கு உயிர். அந்தப் பாசம்தான் ஆள் தெரியாமல் என் மேல் பாய்ந்தது என்று எனக்குப் புரிகிறது. காரணம் தெரியாத வியாதிக்கு வீட்டுக்கு வந்தவளைக் கை காட்டுவது எவ்வளவு சுலபம் என்பதும் அன்றுதான் புரிந்தது. புரிந்ததற்காக விட்டுவிட மாட்டேன். பந்தியில் பழி சொன்னவள், கொல்லைப்புறத்தில் தனியாக என் கையைப் பிடித்து, “மனசுல வச்சுக்காத” என்றால் தீர்ந்துவிடுமா? நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவள் ஒரு வாரம்கூடப் படிக்காமல் விடமாட்டாள். மதினி, உங்களைத்தான் கேட்கிறேன், சோற்றில் நான் மருந்து வைத்தேனா, இல்லையா? ஊரறிய இதே பக்கத்தில் பதில் எழுதுங்கள்.