வரைபடத்தில் ஒரு மங்குஸ்தான் கறை

தென்காசியில் எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கும் பழைய வரைபடத்தில், குற்றாலத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு கறை இருக்கிறது. கட்டைவிரல் அகலம்; பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். ஓரத்தில் அச்சிட்ட நிறக்குறிப்பில் அதற்கு விளக்கம் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரோ காபியைச் சிந்திவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. அது என் மாமியாரின் விரல். மங்குஸ்தான் உரித்த கையோடு அத்தை அந்த இடத்தைத் தொட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது புதிய வரைபடம் அச்சாகி வந்துவிட்டது. பழையதைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மலையில் எது காடு, எது புல்வெளி, எது பாறை, எது தோட்டம் என்று வகை பிரிப்பது என் வேலை. படத்தை மட்டும் நம்பினால் பிழைப்பு நாறிவிடும். மொட்டைப் பாறையும் வீட்டு மொட்டைமாடியும் ஒரே நிறத்தில் மின்னும். மலை நிழல் விழுந்த பள்ளம் குளம் மாதிரிக் கிடக்கும். அதனால் சரிவு, மண், உயரம், காட்டெல்லை என்று தனித்தனியாக வரைந்த வரைபடங்களையும் படத்தின் மேல் போட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கல்யாணமான புதிதில் இதை அத்தைக்கு விளக்கப்போய் எனக்கு மூச்சு வாங்கியது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர், "இதுக்கா இம்புட்டு இழுக்க? பொண்ணு பாக்கப் போறவன் போட்டோவ மட்டும் பாத்தாப் போதுமா? குடும்பம் எப்படி, கொணம் எப்படின்னு நாலு எடத்துல விசாரிக்கணும்லா. அதானட்டி?" என்றார். அதேதான். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யார் சொன்னதென்று சொல்வதில்லை.

அத்தைக்குக் குரல் பெரிது. ஐந்தருவியில் நின்று பேசினால் மெயினருவியில் குளிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று என் கணவரே கேலி செய்வார். "எம் மருமவ ஆகாசத்துலேருந்து மலையப் பாக்கா" என்று அந்தக் குரலில் ரேஷன் கடை வரிசை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கீழப்பாவூரில் என் பிறந்த வீட்டில் சண்டையைக்கூட மெதுவாகத்தான் போடுவோம். வந்த நாளிலிருந்தே அந்தக் குரல் எனக்குக் கூச்சம்தான்.

குற்றாலத்துக்கு மேலே அவர்களுக்குப் பரம்பரைத் தோப்பு உண்டு, தென்னையும் பாக்கும். அதற்கும் மேலே, காட்டு எல்லைக்கல்லைத் தாண்டி, ஒரு மேல்துண்டு. அந்தச் சரிவில் தோப்பு வைத்திருந்த எல்லோரும் கல்லைக் கொஞ்சம் தாண்டியவர்கள்தான். மாமா இறந்த பிறகு, வீட்டுக்குள் உட்கார முடியாமல், அத்தை கயிறு பிடித்து வரிசை வரிசையாக அங்கே மங்குஸ்தான் கன்று நட்டிருக்கிறார். மங்குஸ்தான் லேசில் காய்க்கிற மரமில்லை. நான் மருமகளாகப் போன வருடம்தான் முதல் காய்ப்பு. முதல் பழத்தை என் கையில்தான் கொடுத்தார்.

சாரல் காலத்தில் மலை முழுக்க மேகம் மூடிவிடும் என்பதால், நாங்கள் மாசி மாதப் படத்தைத்தான் எடுத்துக்கொள்வோம். அந்த வகைப் படத்தில் பச்சை இலைகள் சிவப்பாகத் தெரியும். சுற்றியிருந்த காடு இலையுதிர்த்து வெளுத்துக் கிடக்க, மேல்துண்டு மட்டும் கருஞ்சிவப்பாக, கோடு கோடாக நின்றது. காடு வரிசையில் நிற்காது. காட்டெல்லை வரைபடத்தை மேலே போட்டேன். துண்டு முழுவதும் உள்ளே கிடந்தது. 'காடு' என்று ஒரு சொடுக்கில் முடித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'காட்டெல்லைக்குள் தோட்டம்' என்றே குறித்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வீட்டில் அதைச் சொல்லாமல் இருந்ததற்குத்தான் படுகிறேன்.

சொல்ல முடியாதபடி ஒன்று நடந்தது. மலையை அளக்கிறார்கள் என்ற பேச்சு ஊருக்குள் வந்த சமயம், போலீஸில் இருக்கும் என் கொழுந்தன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "மேல்துண்ட எவன் காட்டிக் கொடுத்தாலும் சரி, அவன் இந்த வீட்டுல சோறு திங்கப்பிடாது." என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அத்தை என் தட்டில் ரசத்தை ஊற்றினார்.

அந்தச் சாரலுக்குக் கூடத்தில் கூடை நிறையப் பழம் இருந்தது. நான் தொடவில்லை. சளி என்றேன்.

வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் மக்கள் பார்த்து ஆட்சேபணை சொல்லத் தென்காசியில் ஒரு கூட்டம் போட்டார்கள். அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இடுப்பில் பழக்கூடையோடு வந்து இறங்கினார். நாற்காலி நாற்காலியாகப் போய், உள்ளங்கையில் வைத்துப் பழத்தை நசுக்கிப் பிளந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "அத்த, இங்கன வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "ஏன், இவங்களுக்கும் சளியா?" என்றார், கூட்டமே கேட்கும்படி.

எங்கள் திட்டத்தின் தலைவர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், வரைபடத்தில் ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே அந்தச் சரிவுக்கு வந்துசேர்ந்தார். "காட்டுக்குள்ள வரிசையா மரம் நிக்குது. இது யாரோடது?" என்றார். பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று பார்த்து மின்விசிறியின் மேல் அக்கறை வந்துவிட்டது. அத்தை எழுந்து போய்க் கட்டைவிரலை வரைபடத்தில் வைத்தார். "எந்தோப்புய்யா. நான் வச்ச மரம். கயிறு புடிச்சு வச்சது, கோணல் இருந்தாச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "அம்மா, அது காட்டு எடம்" என்றார் சார். "தெரியும்யா. எம்பேரப் போட்டு எழுதிக்கிடுங்க."

பக்கத்திலிருந்த சக ஊழியர் என்னிடம், "மேடம், உங்க மாமியார்தான?" என்று கேட்டார். குனிந்துகொண்டு, எனக்கே கேட்காத குரலில் ஆமாம் என்றேன். அந்தக் குரலும் பட்டும் ஊதாக் கையும் அவர்களுடைய சிரிப்பும் சேர்ந்து எனக்கு உடம்பு கூசியது. பெரிய வாய் வைத்துக்கொண்டு உளறிக் கொட்டிவிட்டாரே என்று மனதுக்குள் திட்டினேன்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாரல் முகத்தில் அடித்தது, ஜன்னலை மூடவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினார். அன்றைக்குத்தான் அவர் குரல் தாழ்ந்து கேட்டேன்.

"சளின்னு சொன்னே. சளிக்காரி எதுக்குட்டி ஐஸ்கிரீம் தின்னா? எம் பழத்த மட்டும் தொடமாட்டேங்கா, அப்போ இவ கோடு போட்டுட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆபீஸ்காரங்களா கண்டுபிடிச்சு வந்தா, நீதான் சொன்னேம்பான் சின்னவன். நீ காட்டிக் கொடுத்த மருமவ ஆயிருவே. நானே சொல்லிட்டா நான் கூறுகெட்ட கெழவி, அம்புட்டுதான. நீ இன்னும் எத்தன வருசம் அந்த வீட்டுல சோறு திங்கணும்" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. மேல்துண்டுக்கு வேலி போட்டுவிட்டார்கள். "கூறுகெட்டுப் போயி ஒந்தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியேம்மா" என்று கொழுந்தன் கத்தினார். "எம் மரம், என் வாய். ஒனக்கென்னலே?" என்றார் அத்தை. நான் பக்கத்தில் நின்று, கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். உண்மையை என் கணவரிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. கூறுகெட்டவர் என்ற பெயரோடுதான் அத்தை போய்ச் சேர்ந்தார்.

வேலி போட்டதற்கு அடுத்த சாரலில் ஒருநாள், பழம் விலைக்கு வாங்கியே பழக்கமில்லாத அத்தை, ஐந்தருவிக் கடைகளில் பேரம் பேசி ஒரு பை மங்குஸ்தான் வாங்கி வந்தார். ஒன்றைப் பிளந்து என் முன்னால் வைத்தார். "கடைப்பழம்ட்டி. இதத் தின்னலாம்லா?" நான் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

புதிய படத்தில் அந்த வரிசைகள் தெரியவில்லை. கவனிக்க ஆளில்லாமல் இடையில் செடியும் கொடியும் மண்டி, எல்லாம் ஒரே சிவப்பாகிவிட்டது. காட்டெல்லை வரைபடமும் ஒத்துப்போகிறது. கணினி 'அடர்காடு' என்றது. நானும் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தேன். இந்த இடத்தில் காடு இயற்கையாகவே மீண்டிருக்கிறது என்று சார் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு பழைய வரைபடத்தைக் கழற்றினேன். கீழ்முனையைப் பிடித்துக்கொண்டவர், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவர்தான். கறையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அத்த கை வச்ச எடம்லா மேடம்? பாவம், வெவரம் தெரியாம அவங்களா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டாங்க."

அத்தை என் இடத்தில் இருந்திருந்தால் மெயினருவி வரை கேட்கும்படி பதில் சொல்லியிருப்பார். நான் கறை உள்பக்கம் போகும்படி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "ஆமா" என்றேன்.