எட்டுக்கு ஒன்றாய்ச் சுண்டிய தண்ணீர்

கஷாயம் வைப்பதென்றால் எட்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக்குவது. கூடவே ஒரு முழுக் காலைநேரமும் ஆவியாகிப் போகும் என்பது என்னைப் போல அடுப்படியில் நின்று வேகும் சகோதரிகளுக்குத் தெரியும்.

ஒரு கைப்பிடி

தோல் கம்பெனியில் முப்பது வருஷம் நின்ற என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. கிட்னி பாதிக்குமேல் போய்விட்டது, உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டரம்மா. டயாலிசிஸ் வரைக்கும் போகக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வாலாஜாபேட்டை நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் முள் வாங்கினேன். அளவு கேட்டதற்கு ஒரு கைப்பிடி என்றார் கடைக்கார பாய். உங்கள் கையா, என் கையா என்றேன்.

"காய்ச்சுற கை எதுவோ அந்தக் கை, மேடம்."

மாடி வீட்டு ஸ்டெல்லா

மூன்றாம் நாளே மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"கம்பெனி நாத்தம்னு நெனச்சு ஜன்னலெல்லாம் சாத்திட்டேன்க்கா. சாத்தின அப்புறம்தான் ஜாஸ்தியாச்சு."

ருசி

உப்புக் கரிக்கிறது என்றார் இவர். மருந்து அப்படித்தான் இருக்கும், பாயசமா என்று அதட்டினேன். ஒரு நாள் விடாமல் ஒரு மாதம் குடித்தார்.

"சாப்பாட்டுல நீ போடாத உப்பு இதுலயாவது இருக்கேன்னுதான் குடிக்கிறேன்."

எந்தத் தண்ணி

வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். எந்தத் தண்ணி என்றார்.

எங்கள் பக்கத்தில் குடிக்கக் கேன் தண்ணீர், பாத்திரம் கழுவ போர் தண்ணீர். போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. ஆனால் ஏழு டம்ளர் ஆவியாகப் போகிறதற்குக் கேன் தண்ணீரை எவள் ஊற்றுவாள்? எப்படியும் கொதிக்கப் போகிறதே என்று போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். கான்வென்ட்டில் ஆவியாதல் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான்.

"கொதிச்சா கிருமிதாம்மா சாகும். எட்டு டம்ளர் உப்பையும் ஒரே டம்ளர்ல கொடுத்திருக்கீங்க."

பெஞ்சு

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். எப்படியும் வந்திருக்கும், கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆறுதலாம். இவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஆம்பூர்க்காரி ஒருத்தி, கணவனை உள்ளே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் ஊர், பேர் எதுவும் அவள் கேட்கவில்லை.

"நான் வாழைத்தண்டு ஜூஸ் கொடுத்தேன். நீங்க இன்னா கொடுத்தீங்க, சிஸ்டர்?"

இந்தக் கைவேலையில் தேர்ந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பெஞ்சுக்கு வாருங்கள், உட்கார இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.