தீப்பெட்டி வைக்கும் இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன். ஊரில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரியைக் கிளப்புமுன் இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தைப் பார்ப்பது என் பழக்கம். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். திருச்சியில் என் தம்பிக்கு லைசென்ஸ் கொடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் உட்கார்ந்து சந்தைத் தெருவில் ஓட்டச் சொன்னாராம். எனக்கு இங்கே மலாயாவில், பினாங்கில் சோதனை. மேட்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் பின்னால் தீப்பெட்டி வைத்தார்கள். கிளம்பும்போது வண்டி சறுக்கிப் பெட்டி நசுங்கினால் தோல்வி. அலோர் ஸ்டாரில் மேடு ஏது, எல்லாம் வயல். அங்கே இரண்டு மூங்கிலுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தால் போதும்.

ஜப்பான்காரன் வந்தபின், நான் வேலை செய்த கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்ட டிரைவர்கள் எல்லாரும் மறுபடி சோதனைக்கு வரவேண்டும் என்றார்கள். கட்டணம் கிடையாது. அதுவே எனக்குச் சந்தேகம். லைசென்ஸ் கொடுப்பவன், வீட்டில் எத்தனை பேர் என்று எதற்குக் கேட்கிறான்? வரிசையில் எனக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டத்து டிரைவர் முனியாண்டி அண்ணன் நின்றார்.

"பாஸானா சயாம் ரயில் ரோட்டு வேலைக்குத்தான் தம்பி, போனவன் திரும்புறதில்ல. நேத்து தோத்தவனுங்க வீட்டுக்குப் போயிட்டானுங்க. பிரேக்க விட்டுடு, சறுக்கட்டும்லா."

"நீங்கண்ணே?"

"நான் ஸ்டியரிங் எதுன்னே தெரியாத மாதிரி முழிப்பேன்."

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். தோற்றே தீருவது என்று ஏறினேன். மேட்டில் நிறுத்தச் சொன்ன சிப்பாயின் கையில் தீப்பெட்டி இல்லை. அண்ணனின் தோளைப் பிடித்துப் பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தவைத்தான்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் தலைத்துண்டின் ஓரம் தெரிந்தது. வண்டி ஓர் அங்குலம்கூடச் சறுக்கவில்லை. அவ்வளவு நன்றாக நான் ஓட்டியதே இல்லை.

அடுத்து நான் குந்தினேன். அண்ணன் முழிக்கவில்லை, அவர் வண்டியும் சறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் கெட்டிக்காரனுங்கடா," என்றார் இறங்கி வந்து.

இருவரையும் சயாமுக்கு ஏற்றினார்கள். நான் திரும்பியபோது என் பிள்ளை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் திரும்பவில்லை.

சண்டை முடிந்து அலோர் ஸ்டாரில் மீண்டும் சோதனை. ரிவர்ஸ் என்றதும் இறங்கிப் பின்னால் போனேன். என்ன தேடுகிறாய் என்று மலாய் அதிகாரி கேட்டார். "ஓராங்," ஆள், என்றேன். ஜாக்கிரதையான டிரைவர் என்று மெச்சிப் பாஸ் போட்டார்.

திருச்சியில் பஸ் வேலை இருக்கிறது, வந்துவிடு என்று தம்பி எழுதுகிறான். அங்கே இப்போது சக்கரத்துக்குப் பின்னால் என்ன வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஊருக்குப் போகத் துணிப்பெட்டி கட்டியாகிவிட்டது. கண்ணை மூடினால் முன்னால் ஊர் தெரிகிறது. கண்ணாடியில் அந்தத் தலைத்துண்டு தெரிகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை.

பங்குனி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.